குனிந்தவர் கதை – 14: சால்வை இறங்கும் இடம்

சென்ற வாரம் 1957-இல் நிறுத்தியிருந்தோம். 1844-இல் இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் தோளிலிருந்து சால்வை இறங்குவது நிற்கவில்லை. 1929, 30-இல் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்றபோது சில பள்ளிக்கூடங்கள் இரவோடிரவாக எரிந்தன. கடைசியில், சாதியைக் காட்டி ஒருவரைக் கடையிலோ கிணற்றிலோ கோயிலிலோ மறித்தால் குற்றம் என்று 1957-இன் 21-ஆம் இலக்கச் சட்டம் வந்தது.

சட்டம் வந்தது. பதினொரு ஆண்டுகள் அது புத்தகத்திலேயே இருந்தது.

இந்த வாரம் அதை ஒரு கோயில் வாசலுக்குக் கொண்டுபோனவர்களின் கதை. அதற்கு முன் அந்தச் சால்வையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும்.

* * *

எங்கள் அப்புவின் வீட்டுக்குச் சங்கடப்படலை இருந்தது. கிடுகுக் கூரை போட்ட படலை. மழைக்கு ஒதுங்கலாம், வெயிலுக்கு நிற்கலாம். வழிப்போக்கருக்கென்று கட்டியது என்று பெருமையாகச் சொல்வார்கள்.

காலையில் பனையேறும் பெரியவர் ஒருவர் வருவார். படலையைத் தாண்டமாட்டார். அப்பு திண்ணையில் இருந்து செருமுவார். செருமல் கேட்டதும் அவருடைய இடது கை வலது தோளுக்குப் போகும். சால்வை இறங்கும். அதை இரண்டாக மடித்துக் கமக்கட்டுக்குள் செருகுவார். பிறகு அதே கை வாய்க்கு வரும். விரல்கள் வாயை முழுதாய் மூடாது, மூச்சு எதிரில் இருப்பவர் மேல் படாத அளவுக்கு மட்டும் மறைக்கும். முதுகு வளையும். கண் நிலத்தைப் பார்க்கும்.

"ஓம் நயினார்."

இவ்வளவும் நடந்து முடிய இரண்டு மூச்சு நேரம்கூட ஆகாது. அத்தனை பழக்கம். அவருக்கு அப்போது அறுபது வயது இருக்கும். எனக்கு ஐந்தோ ஆறோ. நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்றதில்லை. சின்ன நயினார் என்பார்.

ஒரு நாள் தோய்ந்துவிட்டு ஈரத் துவாயோடு முற்றத்தில் நின்றேன். அவர் வருவது தெரிந்தது. துவாயைத் தோளில் போட்டேன். அவர் படலைக்கு வந்ததும் அவர் செய்வதைப் போலவே இறக்கி, கமக்கட்டில் செருகி, வாயைப் பொத்திக் குனிந்தேன். எனக்கு அது விளையாட்டு. அவர் பதறிப்போனார். "ஐயோ, வேண்டாம் சின்ன நயினார்" என்று பின்வாங்கினார். ஆச்சி ஓடிவந்து என் காதைத் திருகினார்.

"அது அவங்கள் எங்களுக்குச் செய்யிறது. நாங்கள் அவங்களுக்குச் செய்யிறதில்லை."

மரியாதை என்றால் என்ன என்று எனக்கு யாரும் வேறு பாடம் எடுத்ததாக ஞாபகமில்லை.

* * *

அன்று பின்னேரம் அப்பு கோயிலுக்கு வெளிக்கிட்டார். நானும் போனேன். வாசலில் அவருடைய தோளிலிருந்தும் சால்வை இறங்கியது. இடுப்பில் சுற்றிக் கட்டினார். வெறும் மேலோடு உள்ளே போனார். கைகட்டி நின்றார். பிறகு கொடிமரத்துக்கு இப்பால் விழுந்து கும்பிட்டார்.

காலையில் படலையில் கண்ட அதே அசைவு. தோளிலிருந்து துணி கீழே வருகிறது, உடம்பு வளைகிறது, வாய் அடங்குகிறது.

இது தற்செயலான ஒற்றுமை என்று நான் நம்பவில்லை. ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையைப் படித்தவர்களுக்குத் தெரியும். கோயிலுக்குள் சட்டை போடுவதும் மேலைப் போர்த்துக்கொள்வதும் அதில் குற்றக் கணக்கில் வரும். வணக்கத்துக்கும் அளவு உண்டு. ஆண்களுக்கு அட்டாங்கம்: தலை, இரண்டு கை, இரண்டு செவி, மோவாய், இரண்டு புயம் என எட்டு உறுப்பும் நிலத்தில் பட வேண்டும். பெண்களுக்குப் பஞ்சாங்கம்: தலை, இரண்டு கை, இரண்டு முழந்தாள். தலைமேல் கை குவிப்பது மட்டும் திரியாங்கம். உடம்பின் எந்த இடம் மண்ணைத் தொடவேண்டும் என்று எண்ணி எழுதிய ஊர் இது.

வாய் பொத்துவதும் சும்மா வந்ததல்ல. கதிர்காமத்திலும் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலும் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் செய்வார். வாய்கட்டிப் பூசை என்பார்கள். மனித மூச்சு முருகன் மேல் படக்கூடாது.

எங்கள் படலையில் அப்பு முருகனின் இடத்தில் இருந்திருக்கிறார். அது அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

சங்கதி இத்தோடு முடியவில்லை. எங்கள் வீட்டுப் படலையில் தினமும் குனிந்த அந்தப் பெரியவர், எங்கள் ஊர்க் கோயிலுக்குள் போய்க் குனிய முடியாது. கோபுரத்துக்கு வெளியே, வீதிக்கு அப்பால் நின்று கையெடுக்கலாம். கோபுரமே தூல லிங்கம், அதைக் கண்டாலே கோடி புண்ணியம் என்று அவருக்கு ஆறுதல் சொல்லப்பட்டது. ஆறுதல் சொன்னவர்கள் யாரும் கோபுரத்தோடு திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

தெருவில் குனியாவிட்டால் அடி. கோயிலில் குனியப் போனால் அடி.

* * *

1950களில் நிலைமை கொஞ்சம் அசைந்தது. நல்லூர்க் கந்தசாமி கோயில் கதவு திறந்தது. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலும் திறந்தது. நகரத்தில் இது நடந்தது. கிராமத்துக் கோயில்களுக்கும் தேத்தண்ணிக் கடைகளுக்கும் அந்தக் காற்று வரவில்லை. கடைக்கு வெளியே நின்று போத்தலிலோ தகரப் பேணியிலோ தேத்தண்ணி வாங்கிக் குடிக்கும் வழக்கம் 1960களிலும் இருந்தது.

படித்தவர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். என். கே. ரகுநாதன் எழுதிய 'நிலவிலே பேசுவோம்' என்ற சிறுகதையை வாசிக்காதவர்கள் தேடி வாசிக்க வேண்டும். சாதி ஒழிப்புப் பேசும் பெரிய மனிதர் ஒருவர். ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள் அவரைப் பார்க்க வீட்டுக்கு வருகிறார்கள். அவர் முகம் சுளிக்கவில்லை. நல்ல நிலவு, வெளியே இருந்து பேசுவோமே என்று இனிமையாகக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். வீட்டுக்குள் விடாமலிருக்க அதைவிடப் பண்பான வழி உண்டா? என் கணிப்பில் ஈழத்துச் சிறுகதைகளில் மரியாதை என்ற சொல்லின் தோலை இவ்வளவு சுத்தமாக உரித்த கதை வேறில்லை.

1966 ஒக்டோபர் 21. சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஊர்வலம் புறப்பட்டது. சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சி ஒழுங்குசெய்தது. பொலிசார் தடியடி நடத்தினார்கள். ஊர்வலம் கலையாமல் நடந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் பிறந்தது. எழுத்தாளர் கே. டானியல் அதில் முன்னணியில் நின்றார். 'பஞ்சமர்' என்ற அவருடைய நாவல் பின்னால் வந்தது. இந்த ஆண்டுகளின் புழுதி அதில் இருக்கிறது.

சங்கானையில் தேத்தண்ணிக் கடைக்குள் போகும் போராட்டம் இரத்தத்தில் முடிந்தது. சங்கானை ஷங்காய் ஆகிறது என்று பரிகசித்தவர்களும் இருந்தார்கள்.

ஒரு வேடிக்கையை இங்கே சொல்லாமல் போக முடியாது. கோயிலுக்குள் போக வேண்டும் என்று கூட்டம் சேர்த்தவர்களில் பலருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. மாவோவின் படத்தை வீட்டில் மாட்டியவர்கள் முருகன் வாசலைத் திறக்கச் சொன்னார்கள். "சாமியே இல்லை என்கிறவனுக்குக் கோயில் எதுக்கு?" என்று கேட்டார்கள் எதிர்த் தரப்பார். கேள்வி கெட்டிக்காரத்தனமானது. ஆனால் வாசலில் வந்து நின்ற கூட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு மாவோவைத் தெரியாது. முருகனைத் தெரியும்.

* * *

மாவிட்டபுரம்.

காங்கேசன்துறைக்குக் கிட்ட, கீரிமலைக் கேணிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர். மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசிக்குக் குதிரை முகம் இருந்ததாம். கீரிமலையில் தீர்த்தமாடி அந்த முகம் நீங்கியதாம். மா என்றால் குதிரை. குதிரை விட்ட புரம் மாவிட்டபுரம். முகம் மாறிய நன்றிக்கு அவள் எடுப்பித்த கோயில் என்பது ஐதீகம். ஊரார் பார்த்து அருவருத்த முகம் மாறிய இடம் என்று ஊரே கதை சொல்லும் கோயில் வாசலில்தான் மனிதர்களை முகம் பார்த்து, சாதி பார்த்து நிறுத்தினார்கள்.

ஆடி மாதம் அங்கே 25 நாள் திருவிழா. ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தீர்த்தம். குடாநாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் சனம் வரும்.

1968 ஜூலை. திருவிழா தொடங்கியது.

கோயிலுக்குப் போகிறவர் எப்படிப் போவாரோ அப்படித்தான் அவர்களும் வந்தார்கள். தோய்ந்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி. சால்வையை இடுப்பில் கட்ட ஆயத்தமாய்.

வாசல் மறிக்கப்பட்டிருந்தது.

மறித்தவர்கள் பெரும் கூட்டம். அவர்களுக்கு முன்னால் ஒரு முதியவர் நின்றார்.

* * *

அவருக்கு அப்போது வயது 72. பெயர் செ. சுந்தரலிங்கம்.

இவரைச் சாதி வெறி பிடித்த ஒரு கிராமத்துக் கிழவர் என்று எழுதிவிட்டுப் போக முடிந்தால் என் வேலை சுலபம். அப்படி இல்லை. ஒக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரியில் படித்தவர். சிவில் சேவையில் சேர்ந்து அதை விட்டு வந்தவர். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். 1947-இல் வவுனியாவின் பாராளுமன்ற உறுப்பினர், டி. எஸ். சேனநாயக்கவின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர்.

1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினை வந்தபோது அந்தப் பதவியை விட்டு வெளியேறினார். கதிரையை விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்குத் தெரியும். பின்னால் தமிழருக்குத் தனி நாடு வேண்டும் என்று மிக முந்தியே எழுதிப் பேசியவர்களில் அவரும் ஒருவர். 'ஈழம்' என்ற சொல்லை அரசியல் மேசையில் வைத்தவர்.

தோட்டத் தொழிலாளிக்கு நாட்டில் இடம் கேட்ட அதே மனிதர், பனைத் தொழிலாளிக்குக் கோயிலில் இடம் இல்லை என்று வாசலில் நின்றார்.

எப்படி? ஆகமம் என்றார். வழமை என்றார். கோயிலின் தூய்மையைக் காப்பதுதான் கடவுளுக்குச் செய்யும் மரியாதை என்று அவர் மனதார நம்பினார் என்றே நினைக்கிறேன். கபடம் இருந்திருந்தால் கதை இவ்வளவு உறுத்தாது. கடவுளுக்குச் செய்யும் மரியாதையில் ஒரு பங்கு, இன்னொருவனை அதைச் செய்யவிடாமல் தடுப்பது என்று அவர் கணக்குப் போட்டார். கணிதப் பேராசிரியர் போட்ட கணக்கு.

நாள் போகப் போக வாசல் சூடேறியது. சத்தியாக்கிரகமாகத் தொடங்கியது தள்ளுமுள்ளாகியது, அடிதடியாகியது. பொலிஸ் வந்தது. உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது.

தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு தேதி. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களைக் கூட்டிக்கொண்டு போனது 1939 ஜூலை 8. திருவிதாங்கூர் மன்னர் கோயில்களைத் திறந்துவிட்டது 1936 நவம்பரில். மாவிட்டபுரத்து வாசலில் இந்தக் கூட்டம் நின்றது அதற்கு ஒரு தலைமுறைக்குப் பின். ஆர்ம்ஸ்ட்ராங் சந்திரனில் இறங்க ஓராண்டே இருந்தது.

* * *

எல்லாரும் இன்னொரு வாசலையும் பார்த்தார்கள். காங்கேசன்துறைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் யார்? தந்தை செல்வா. தமிழரசுக் கட்சியின் தலைவர். அவருடைய தொகுதிக்குள்தான் இந்தக் கோயில்.

அவர் கிறிஸ்தவர். இந்துக் கோயில் விவகாரத்தில் கை வைத்தால் என்ன பேச்சு வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். கட்சியோ தீண்டாமையைக் கொள்கையளவில் கண்டித்தது. ஆனால் அதன் வாக்குகளில் பெரும் பகுதி வாசலை மறித்தவர்களின் வீடுகளில் இருந்தது. அந்த ஜூலையில் கட்சி டட்லி சேனநாயக்கவின் அரசாங்கத்திலும் பங்காளி. சிங்களவர் நம்மைச் சமமாக நடத்தவில்லை என்று தெற்கே முறையிடும்போது, வடக்கே ஒரு கோயில் வாசலைக் காட்டி யாராவது கேள்வி கேட்டால் என்ன பதில்?

கட்சி நழுவியது. கண்டித்து ஒரு வாய், காத்திருக்கச் சொல்லி ஒரு வாய். இது என் தீர்ப்பு. மறுப்பவர்கள் மறுக்கலாம். அந்தத் தலைவரின் தனிப்பட்ட நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாசலில் நின்றவர்களுக்கு அந்த நேர்மை ஒரு அடியும் வழிவிடவில்லை, அவ்வளவுதான்.

* * *

இப்போது 1957-ஆம் ஆண்டுச் சட்டம் புத்தகத்தை விட்டு எழுந்தது.

சுந்தரலிங்கத்தின் மேல் வழக்கு. குற்றம்: பொதுமக்கள் வழிபடும் இடத்துக்குள் போக வந்தவர்களைச் சாதி காரணமாக மறித்தது. நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டு அபராதம் விதித்தது. அவர் விடவில்லை. காங்கேசன்துறைப் பொலிஸ் இன்ஸ்பெக்டருக்கு எதிரான அவருடைய வழக்கு படிப்படியாக ஏறி, கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது.

நினைத்துப் பாருங்கள். கீரிமலைக்குப் பக்கத்தில் ஒரு கோயில் வாசலில் யார் கும்பிடலாம் என்பதை, ஈழம் வேண்டும் என்று கேட்ட தமிழர் ஒருவர், இங்கிலாந்து ராணியின் நீதிபதிகளிடம் கேட்கப் போனார். 1971-இல் பதில் வந்தது. அங்கும் அவர் தோற்றார்.

அதற்குள் ஊரில் வேறு காரியங்கள் நடந்துவிட்டன. ரகுநாதன் இந்த ஆலயப் பிரவேசத்தை வைத்து 'கந்தன் கருணை' என்று நாடகம் எழுதினார். அதைக் காத்தான்கூத்துப் பாணியில் ஊர் ஊராக ஆடினார்கள். நாரதர் போய் முருகனிடமே முறையிடும் கதை. 1970-இல் ஒடுக்கப்பட்ட சாதியினரின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் எம். சி. சுப்பிரமணியம் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார். மாவிட்டபுரக் கதவும் திறந்தது.

எங்கள் படலைக்கு வந்த பெரியவர் ஒரு நாள் எங்கள் ஊர்க் கோயிலுக்குள்ளும் போனார். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் நின்றார். இடது கை வலது தோளுக்குப் போனது. சால்வை இறங்கியது. பழக்கத்தில் அது நேரே கமக்கட்டுக்குத்தான் போனது. பிறகு நிறுத்தினார். பக்கத்தில் நின்றவர்களின் இடுப்பைப் பார்த்தார். கமக்கட்டிலிருந்து மெதுவாக எடுத்து விரித்து, இடுப்பில் சுற்றினார். முடிச்சு வரவில்லை. இரண்டு தரம் அவிழ்ந்தது. மூன்றாம் தரம் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

ஐயர் திருநீறு கொண்டுவந்தார். எங்களுக்கெல்லாம் விரல் உள்ளங்கையில் படும்படி வைத்தவர், அவர் கைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி விரலை விரித்தார். திருநீறு காற்றில் விழுந்தது. பாதி கையில், பாதி தரையில்.

அவர் தரையில் விழுந்ததையும் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டார்.

* * *

வாசலை மறித்தால் தண்டிக்கச் சட்டம் உண்டு. அந்த ஒரு சாண் உயரத்துக்கு எந்தச் சட்டம்? உள்ளே போனவர்கள் அடுத்து வடம் தொட்டுத் தேர் இழுக்கக் கேட்டார்கள். அதற்கு என்ன பதில் கிடைத்தது?

2018 ஜூன் மாதம் தென்மராட்சி வரணியில் ஓர் அம்மன் கோயில் தேரை மனிதர்கள் இழுக்கவில்லை. மண் அள்ளும் ஜேசிபி இயந்திரம் இழுத்தது. ஏன் என்பதற்கு ஊரில் இரண்டு கதைகள் உண்டு. இரண்டையும் அடுத்த வாரம் கேட்போம்.